ஒரே கோட்டை, இரண்டு போர்கள்: வரலாறு திரும்புகிறதா என்று சோதிப்பது எப்படி

பேரரசுகளும் அவற்றை எதிர்த்து நின்றவர்களும் மோதிய கதைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு, இதை முன்பே எங்கோ படித்திருக்கிறோமே என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் வந்தே தீரும். கப்பம் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள், படை வருகிறது, உள்ளூரில் ஒருவர் படைக்கு வழி காட்டுகிறார், கோட்டை விழுகிறது, தலைவரைத் தூக்கிலிடுகிறார்கள். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மாற்றிப் போட்டால் எந்த நாட்டுக்கும் இந்தக் கதை பொருந்திவிடும் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை அப்படியே நம்பி "வரலாறு திரும்புகிறது" என்று சொல்லிவிடுவதற்கும், அது உண்மைதானா என்று உரசிப் பார்ப்பதற்கும் இடையே நிறைய வேலை இருக்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வாளர்களுக்காக எழுதவில்லை, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும், தம் ஊரின் வரலாற்றை எழுத நினைக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் இருந்தால் போதும்.

நான் இந்த வழிக்கு வந்ததற்கு ஒரு மாணவியின் கேள்வி காரணம். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துத் தென் தமிழகத்துச் சிற்றரசர்களான பாளையக்காரர்கள் நடத்திய போர்களைப் பற்றி ஒரு பள்ளியில் பேசியபோது, பாஞ்சாலங்குறிச்சியில் 1799இல் நடந்ததே 1801இல் மறுபடியும் நடந்தது என்று சொல்லிக் கடந்துபோனேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "முதல் தடவை தோற்றது ஊமைத்துரைக்குத் தெரியும்தானே ஐயா? தெரிந்துகொண்டுதானே மறுபடியும் சண்டை போட்டார்? அப்படியென்றால் அது எப்படி அதே சண்டையாகும்?" என்று கேட்டாள். அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி என் மனத்தில் நின்றுவிட்டது. இரண்டாம் முறை போரிடுகிறவர் முதல் முறையை நினைவில் வைத்துக்கொண்டு போரிடுகிறார், எதிரியும் அப்படியே. திரும்புகிறது, திரும்பவில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் இந்த நினைவுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும்.

முதலில் வாக்கியத்தைச் சரிசெய்யுங்கள்

"வரலாறு திரும்புகிறது" என்ற வாக்கியத்தைச் சோதிக்க முடியாது, ஏனென்றால் அது பொய்யாவதற்கு வழியே இல்லை. எதோடு எது ஒத்துப்போனாலும் அது மெய்யாகிவிடும். ஒத்துப்போகாதவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனவே அதைப் பொய்யாகக்கூடிய வாக்கியமாக மாற்றி எழுதுவதுதான் முதல் வேலை. எடுத்துக்காட்டாக, "கம்பெனி கப்பத்தைக் கடுமையாகக் கேட்ட பாளையங்களிலெல்லாம் எதிர்ப்பு எழுந்தது" என்று எழுதிப் பாருங்கள். இதைச் சோதிக்கலாம், கப்பம் கேட்கப்பட்டும் எதிர்ப்பு எழாத ஒரு பாளையம் கிடைத்தால் வாக்கியம் விழுந்துவிடும். "தலைவரைத் தூக்கிலிட்டால் எதிர்ப்பு அடங்கும்" என்பதும் அதுபோலச் சோதிக்கத் தக்கதே. இப்படி இரண்டு மூன்று வாக்கியங்களை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். படிக்கப் படிக்க அவற்றை அடித்துத் திருத்த வேண்டி வரும். பழைய வாக்கியத்தை அழிக்காமல் கோடு மட்டும் போடுங்கள், பின்னால் அது உதவும்.

அடுத்து, ஒப்பிடுவதற்கான இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ரோமப் பேரரசையும் பிரிட்டிஷ் பேரரசையும் ஒப்பிடுவது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையே காலமும் கருவிகளும் மொழியும் நிலமும் எல்லாமே வேறு என்பதால், ஒற்றுமையும் வேற்றுமையும் நாம் விரும்பிய அளவுக்குக் கிடைத்துவிடும். அருகருகே இருக்கும் இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்தால்தான் எது மாறியது, எது மாறவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அதே ஊர், அதே கோட்டை, அதே குடும்பம், அதே எதிரி, இரண்டு ஆண்டுக்கும் குறைவான இடைவெளி என்று ஓர் இணை கிடைத்தால் அது அரிய வாய்ப்பு. பாஞ்சாலங்குறிச்சி அப்படிப்பட்ட ஓர் இணையை நமக்குத் தருகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1792இல் ஆற்காட்டு நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் நேரடியாகக் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனை ராமநாதபுரத்தில் சந்திக்கச் சென்ற வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் கம்பெனி ஆட்களுக்கும் மோதல் ஏற்பட்டு, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பிவந்து, இடிக்கப்பட்டுக் கிடந்த கோட்டையைச் சில நாள்களிலேயே மண்ணால் எழுப்பினார். மார்ச் 31 அன்று மெக்காலே நடத்திய தாக்குதல் தோற்றது. மே 24 அன்று அக்னியூவின் தலைமையில் கோட்டை பிடிபட்டது. ஊமைத்துரை சிவகங்கைக்குச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்துகொண்டார். போர் அங்கே தொடர்ந்தது.

இரண்டு பத்திகள், ஐந்து கேள்விகள்

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 1799 என்றும் வலப்பக்கம் 1801 என்றும் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை எதற்காக என்பது முதல் கேள்வி. பேரரசின் கைகள் அப்போது வேறு எங்காவது கட்டப்பட்டிருந்தனவா என்பது இரண்டாவது. உள்ளூரில் யார் யாரோடு நின்றார்கள், அதனால் என்ன பெற்றார்கள் என்பது மூன்றாவது. சண்டை களத்தில் எப்படி நடந்தது என்பது நான்காவது. வென்றவர்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பது ஐந்தாவது. ஐந்தும் ஒரே எடையுள்ளவை அல்ல. என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விதான் அதிகம் வெளிச்சம் தருகிறது. அதைத்தான் நாம் அதிகம் கேட்காமல் விடுகிறோம்.

எதற்காக என்ற கேள்விக்கு 1799 பத்தியில் "கப்பம்" என்று எழுதிவிட்டு நகரத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 1798இல் கட்டபொம்மன் மீது சொல்லப்பட்ட பாக்கி 3,310 வராகன். ராமநாதபுரத்தில் கணக்குப் பார்த்தபோது எஞ்சியிருந்தது 1,080 வராகன் மட்டுமே. பெரும்பகுதியைக் கட்டிவிட்ட ஒருவரோடு மோதல் ஏன் வந்தது? பார்க்க வரச் சொன்ன கலெக்டர் குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, பாளையக்காரர் அவர் பின்னாலேயே அலைந்து, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் காண முடிந்தது. ஆக, இடப்பக்கத்தில் பணத்தோடு அவமதிப்பையும் எழுத வேண்டும். ஒரு பாளையக்காரர் ஒரு கலெக்டரின் முன்னால் எந்த இடத்தில் நிற்பது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. வலப்பக்கத்தில் கப்பத்துக்கே இடமில்லை. 1801இல் பாளையம் பறிக்கப்பட்டுவிட்டது, அண்ணன் தூக்கிலிடப்பட்டுவிட்டார், கோட்டை இடிக்கப்பட்டுவிட்டது. கட்ட வேண்டிய பாக்கி என்று ஏதும் இல்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் மருது சகோதரர்கள் பெயரில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கை, ஒரு பாளையத்தின் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. ஜம்புத் தீவின், அதாவது இந்தியாவின், எல்லா மக்களையும் சாதி வேறுபாடு பாராமல் ஐரோப்பியருக்கு எதிராக எழச் சொன்னது. ஒரே கோட்டையில் தொடங்கியதாலேயே இரண்டையும் ஒரே போர் என்று சொல்லிவிட முடியாது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ராமநாதபுரத்தில் தன் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு கம்பெனி என்ன செய்தது? படையை அனுப்பவில்லை. சென்னையில் விசாரணை நடத்தியது. கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. பிடித்து வைத்திருந்த அவருடைய தானாபதி (அமைச்சர்) சுப்பிரமணிய பிள்ளையை விடுவித்தது. ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கி லூஷிங்டனைக் கலெக்டராக்கியது. இதை மட்டும் படித்தால் நீதி தவறாத ஆட்சி என்றுகூட யாராவது எழுதிவிடுவார்கள். ஆனால் அப்போது கம்பெனி திப்பு சுல்தானோடு கடைசிப் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார், அதே மே மாதத்திலேயே திருநெல்வேலிச் சீமைக்குப் படை அனுப்ப கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஆணையிட்டார். அதே கட்டபொம்மன், அதே பாக்கி, அதே கம்பெனி. எட்டு மாதத்தில் மாறியது ஒன்றே ஒன்று: வடக்கே கட்டப்பட்டிருந்த படைகளின் கை அவிழ்ந்தது. எந்தப் பேரரசைப் பற்றிப் படித்தாலும், அது ஓரிடத்தில் பொறுமையாக நடந்துகொள்ளும்போது வேறு எங்கே அதற்கு வேலை இருக்கிறது என்று அதே ஆண்டின் பிற செய்திகளையும் எடுத்துப் பாருங்கள். ஒரு போரை மட்டும் தனியாகப் படிக்கிறவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படவே படாது.

உள்ளூர்த் துணையைப் பற்றிய மூன்றாவது கேள்வியில் ஒரு சொல் நம்மைத் தடுக்கும். "துரோகம்" என்பதுதான் அது. கம்பெனியின் பக்கம் நின்ற அண்டைப் பாளையமான எட்டயபுரத்தின் பெயரே நம் பேச்சு வழக்கில் காட்டிக்கொடுப்பதற்கு மறுசொல்லாகிவிட்டது. எனக்கும் பாஞ்சாலங்குறிச்சியின் மீதுதான் பற்று, அதை மறைக்கவில்லை. ஆனால் நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சொல்லை எழுதினால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு இருந்தது. அந்தப் பகை கம்பெனிக்காக முளைத்ததல்ல. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கட்டபொம்மன் காலத்துக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நவாபோடும் கம்பெனியோடும் நின்றவர்கள். எனவே "ஏன் காட்டிக்கொடுத்தார்கள்" என்று கேட்பதற்குப் பதிலாக, "முன்பிருந்த எந்தப் பகை, எந்த உறவு இங்கே பயன்பட்டது, அதற்கு ஈடாக என்ன கிடைத்தது" என்று கேளுங்கள். பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் போனது. கீழாநிலை புதுக்கோட்டைக்குப் போனது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 வரையில் நீடித்தது. இரண்டு பத்திகளிலும் இந்த இரு பெயர்களும் வரும். மாறுவது சிவகங்கை: 1799இல் வெளிப்படையாகப் போரில் இறங்காத மருது சகோதரர்கள், 1801இல் ஊமைத்துரைக்குச் சிறுவயலில் இடம் கொடுத்துத் தங்கள் நாட்டையே பணயம் வைத்தார்கள்.

களத்தைப் பற்றிய நான்காவது கேள்விக்குக் கோட்டையின் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பெரியதல்ல. சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது, முழுக்க மண்ணால் ஆனது, சுற்றிலும் முள்வேலி. கல்மதில் பீரங்கிக் குண்டுக்கு உடைந்து சரியும். இறுகிய களிமண் மதிலில் குண்டு புதைந்து நின்றுவிடும். 1799இல் பெரிய பீரங்கிகள் இல்லாமல் வந்த பானர்மேன் வாயிலை உடைத்து நுழைய முயன்று தோற்று, கூடுதல் படைக்காகக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் கட்டபொம்மன் இரவோடு இரவாக வெளியேறினார். 1801இல் மெக்காலேவும் முதல் தாக்குதலில் பெரும் இழப்போடு பின்வாங்கினார். அண்மையில் இடித்துப் போட்ட கோட்டைதானே, அவசரமாக அப்பி வைத்த மண்தானே என்ற எண்ணம் அவருடைய படைக்கு இருந்திருந்தால் வியப்பில்லை. இங்கே உண்மையிலேயே ஒன்று திரும்பியிருக்கிறது: முதல் அடியில் மண்கோட்டையைக் குறைத்து மதிப்பிட்ட தவறு. ஆனால் அதன் பிறகு நடந்தது வேறு. இந்த முறை கம்பெனி ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தது, பெரும் பீரங்கிகளை வரவழைத்தது, மதிலில் திறப்பு விழும் வரையில் அடித்தது. ஊமைத்துரையின் ஆட்களும் அண்ணன் செய்ததைச் செய்யவில்லை. இரவில் வெளியேறாமல் திறப்பின் வாயில் கடைசி வரை நின்றார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இங்கே இரு தரப்பும் சூடு கண்டவை, இரண்டும் திரும்பவும் அதே அடுப்படிக்கு வந்தன, ஆனால் வேறு வேறு பாடத்தோடு வந்தன.

வென்றபின் செய்தது என்ன என்பதுதான் ஐந்தாவது. 1799இல் பிற பாளையக்காரர்களைக் கயத்தாற்றுக்கு வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார்கள். அச்சம் போதும் என்று நினைத்தார்கள். பதினாறு மாதத்தில் சிறை உடைந்தது. 1801இல் தூக்குமரங்கள் மேலும் பல. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்; ஊமைத்துரை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார். ஆனால் கம்பெனி அதோடு நிற்கவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரைப் பினாங்குக்கு நாடு கடத்தியது. ஜூலை 31 உடன்படிக்கையால் நவாபை மானியம் வாங்கும் பெயரளவு ஆளாக்கி, அவர் ஆண்ட கர்நாடகச் சீமையின் ஆட்சியையே எடுத்துக்கொண்டது. 1803இல் சிவகங்கை, ராமநாதபுரம் போன்றவற்றைக் கம்பெனியின் பத்திரத்தால் உரிமை பெறும் ஜமீன்களாக்கியது. காவல் வசூலும் தனிப்படையும் நீதி சொல்லும் அதிகாரமும் இருந்த பாளையக்காரருக்கும், கெடு தவறாமல் கிஸ்தி கட்ட வேண்டிய ஜமீன்தாருக்கும் பெயரில் மட்டுமா வேறுபாடு? வலப்பக்கத்தின் இந்தக் கட்டத்தை நிரப்பியபோதுதான், மூன்றாம் முறை ஏன் பாஞ்சாலங்குறிச்சியில் நடக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. மூன்றாம் முறைக்குத் தேவையான பாளையம் என்ற அமைப்பையே கம்பெனி கலைத்துவிட்டது.

சான்றுகளைக் கையாளும்போது

பக்கத்தை நிரப்ப நான்கு வகைச் சான்றுகள் கிடைக்கும்: கம்பெனியின் கடிதங்கள், போரிட்டவர்கள் வெளியிட்ட அறிக்கை, படையில் இருந்தவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுகள், மக்கள் பாடிய கதைப்பாடல்களும் கும்மிகளும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனி ஆவணங்கள் இருக்கின்றன. அங்கே தேடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: நம் பெயர்கள் ஆங்கிலக் கடிதங்களில் அடையாளம் தெரியாத உருவத்தில் இருக்கும். பாஞ்சாலங்குறிச்சி "பஞ்சலம்கூர்ச்சி" என்ற ஒலிக்குக் கிட்ட எழுதப்பட்டிருக்கும். கட்டபொம்மன் ஒரு கடிதத்தில் ஒரு மாதிரி, அடுத்த கடிதத்தில் வேறு மாதிரி. குமாரசாமி என்பவர்தான் ஊமைத்துரை என்று தெரியாதவர் இருவர் என்று எண்ணிவிடுவார். கிடைத்த எழுத்து வடிவங்களையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிகள் முரண்படும்போது பதற வேண்டாம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாளைச் சில நூல்கள் அக்டோபர் 16 என்கின்றன, சில 17 என்கின்றன. இரண்டையும் எழுதி வையுங்கள். நம் ஒப்பீட்டுக்கு அந்த ஒரு நாள் எதையும் மாற்றாது. எந்த முரண்பாடு முடிவை மாற்றும், எது மாற்றாது என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திரைப்படத்தில் கேட்ட வசனத்தை மட்டும் சான்றாக எழுதாதீர்கள். அது நம் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தாலும், ராமநாதபுரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது.

எதிரி தரப்பின் நினைவுகளைப் படிக்கும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1801 போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படையதிகாரி, 1830இல் வெளியிட்ட தம் நினைவுகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கோட்டை விழுந்த பிறகு, களத்தில் தம் உறவினரைத் தேடிப் பெண்கள் வந்தார்கள். குற்றுயிராகக் கிடந்த மகனை ஒரு தாய் கண்டெடுத்துத் தூக்கப்போனாள். என்னை விட்டுவிடு, அருகே கிடக்கும் நம் தலைவரைக் காப்பாற்று என்று அவன் சொன்னான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று ஒரு வீட்டில் கிடத்தினார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர் மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள்; அம்மைக்கு அஞ்சி வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. ஆனால் சான்றாக எடுக்கும்போது கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்: வெல்ஷ் அதைக் கண்ணால் கண்டவர் அல்லர், கேட்டதைச் சொல்கிறார், அதுவும் 29 ஆண்டுகள் கழித்து. ஒவ்வொரு சொல்லும் அப்படியே நடந்தது என்று எழுத முடியாது. ஆனால் தன் எதிரிக்கு மக்களிடம் இருந்த செல்வாக்கை ஒரு கம்பெனி அதிகாரி வலிந்து எழுதுவதற்குக் காரணம் இல்லை என்பதால், அந்தச் செல்வாக்குக்கு இது நல்ல சான்று.

எழாதவர்களையும் எண்ணுங்கள்

நாம் முதலில் எழுதிய வாக்கியத்துக்குத் திரும்புவோம்: கப்பம் கடுமையாகக் கேட்கப்பட்ட பாளையங்களிலெல்லாம் எதிர்ப்பு எழுந்தது. 1792 உடன்படிக்கை எட்டயபுரத்துக்கும் பொருந்தியது. அங்கே எதிர்ப்பு எழவில்லை. வாக்கியம் விழுந்துவிட்டது. கப்பம் மட்டுமே காரணம் என்று இனிச் சொல்ல முடியாது. கப்பத்தோடு வேறு எது சேர்ந்தால் போர் மூள்கிறது என்று தேட வேண்டும். பெரும்பாலான ஒப்பீடுகள் எழுந்தவர்களை மட்டும் வரிசையாக அடுக்கி, பார்த்தீர்களா, எல்லாம் ஒன்றுதான் என்கின்றன. அமைதியாக இருந்த பாளையங்களுக்குப் பாடலும் இல்லை, சிலையும் இல்லை. ஆனால் அவை இல்லாமல் எந்தக் காரணத்தையும் உறுதிசெய்ய முடியாது.

அருகிலுள்ள இணையில் பழகிய பிறகு தொலைவான இணைக்குப் போகலாம். 1806 வேலூரையும் 1857 வட இந்தியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் தோல் பதக்கம் வைத்த புதிய தலைப்பாகையும், காதணியையும் நெற்றிக் குறியையும் தடுத்த ஆணையும் சிப்பாய்களைப் புண்படுத்தின. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவுறை. இடையே 51 ஆண்டுகள். ஒற்றுமை வெளிப்படையாகத் தெரிகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய ஐந்து கேள்விகளையும் கேட்டால் வேறுபாடுகளும் வரிசையாக வரும். 1806 ஜூலை 10 அதிகாலையில் தொடங்கிய எழுச்சியை, பக்கத்து ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி அன்றைக்கே நசுக்கிவிட்டார். 1857 மே 10 அன்று மீரட்டில் தொடங்கியது ஓராண்டுக்கும் மேல் நீண்டது. வேலூருக்குப் பிறகு கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள், தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது. 1857இல் வேலூரை அனுபவித்த சென்னைப் படை பெரும்பாலும் அசையவில்லை. எழுந்தது வங்காளப் படை. எங்கே எழவில்லை என்ற கேள்வி இங்கேயும் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கிறது.

இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. வேலூரில் எழுந்தவர்கள் திப்புவின் புலிக் கொடியை ஏற்றி, அவர் மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்தார்கள். 1857இல் எழுந்தவர்கள் டெல்லிக்குப் போய் முதிய பகதூர் ஷாவைப் பேரரசர் என்றார்கள். கம்பெனியை எதிர்க்க ஒரு பழைய முத்திரை தேவைப்பட்டது. அதைப் பார்த்த பிறகு 1801க்குத் திரும்பிப் போய்ப் படித்தேன். காளையார்கோவில் காட்டுக்குள் ஏறத்தாழ ஒரு மாதம் மரங்களை வெட்டிப் பாதை போட்டும் அக்னியூவால் உள்ளே போக முடியவில்லை. முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார். அப்போது கம்பெனி என்ன செய்தது? சிவகங்கை அரச குடும்பத்தின் வாரிசு என்று கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் பட்டம் கட்டியது. மருது சகோதரர்கள் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர் என்பதால் மக்களில் ஒரு பகுதி புதிய தேவர் பக்கம் சாய்ந்தது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்தது. பழைய முத்திரையைத் தேடியவர்கள் எதிர்த்தவர்கள் மட்டும் அல்லர், பேரரசும் அதைத்தான் தேடியது. 1801, 1806, 1857 ஆகிய மூன்றிலும் இது வருகிறது. இதைத் திரும்பி வந்தது என்று தயங்காமல் எழுதுவேன். ஏனென்றால் எந்த வாக்கியத்தைச் சோதித்தேன், எது வந்தால் அது பொய்யாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக, முடிவை எழுதும் விதம். ஒரே தீர்ப்பாக எழுதாமல் கேள்விக்கு ஒரு வரியாக எழுதுங்கள். என் நோட்டில் இருப்பது இப்படி: "பாஞ்சாலங்குறிச்சியில் 1799க்கும் 1801க்கும் இடையே திரும்பியவை: மண்கோட்டையைக் குறைத்து மதிப்பிட்டது, எட்டயபுரமும் புதுக்கோட்டையும் நின்ற பக்கம். திரும்பாதவை: போரின் நோக்கம், எதிர்த்தவர்களின் பரப்பு, சிவகங்கையின் நிலை, வென்றவர்கள் அமைத்த ஆட்சி. காரணம் உறுதியாகாதவை: சிவகங்கை ஏன் அந்த ஆண்டில் துணிந்தது." உறுதியாகாத வரியை வெட்கப்படாமல் எழுதுங்கள், அடுத்து எந்த ஆவணத்தைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்லித்தருவது அந்த வரிதான்.

முடிந்தால் ஒரு முறை நேரில் போய் வாருங்கள். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை இருக்கிறது. அதன் அருகே பழைய கோட்டையின் அடித்தள மேடுகள் தாழ்ந்து கிடக்கின்றன, சற்றுத் தள்ளிக் கம்பெனிப் படையினரின் கல்லறைகள் இருக்கின்றன. மேட்டின் மீது குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பாருங்கள். நோட்டின் நான்காவது வரியை அதற்குப் பிறகு ஒரு முறை திருத்தி எழுத வேண்டி வரலாம்.